லோங்காங் மூடிக்கு உபயம்

"உனக்கு முதுகெலும்பே கிடையாதா?" என்றான் திலீபன்.

மனைவி ஷாந்தினி லேப்டாப்பில் 'பரமேஸ்வரன்' என்ற பெயரைப் பிடித்து இழுத்துப் பெரிதாக்கிக்கொண்டிருந்தாள். இது ஐந்தாவது தடவை.

புக்கிட் ரம்பாயில் இவர்கள் வீட்டுக் கார் போர்ச்சில் கார் நிற்காது. இரும்புத் தகடு வெட்டுகிற பிளாஸ்மா மெஷின்தான் நிற்கும். இரண்டு பேரும் ஆசைப்பட்டுப் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டியது. லேப்டாப்பில் அவள் போடுகிற கோட்டிலேயே நெருப்பு ஓடித் தகட்டை வெட்டும். ஃபேக்டரி வேலை போக, லீவு நாளில் இதுதான் பொழுதுபோக்கு.

இப்போது கோயில் வேலை. கோயில் வாசலுக்குக் குறுக்கே லோங்காங் ஓடுகிறது. அந்தச் சாக்கடையைத் தாண்டித்தான் சாமியைப் பார்க்க முடியும். மேலே கிடந்த சிமெண்டுப் பலகை போன வருஷத் திருவிழாவில் உடைந்தது. பால்குடம் தூக்கி வந்த வேலாயி அக்கா உள்ளே விழுந்து, மூன்று மாதம் காலில் கட்டோடு கிடந்தார்.

கோயில் தலைவர் பரமேஸ்வரன் அன்றைக்கு என்ன செய்தார் தெரியுமா? மைக்கைப் பிடித்தார்.

"விரதம் ஒழுங்கா இருந்தா ஏன் விழறாங்க? எல்லாரும் யோசிங்க!"

பலகையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இந்த வருஷமும் வேலாயி அக்கா பால்குடம் தூக்குகிறார். ஞாயிற்றுக்கிழமைக்குள் நல்ல மூடி போட்டாக வேண்டும். ஷாந்தினியே தகடு வாங்கினாள். கால்விரல் நுழையாத சின்னச் சின்ன ஓட்டைகள், மழைத்தண்ணீர் இறங்க. அவள் போட்ட டிசைன் அவ்வளவுதான்.

தலைவர் விடுவாரா? கோயில் டியூப் லைட்டில் அவர் பெயர், வெளிச்சம் வர இடமில்லாத அளவுக்கு. காற்றாடி இறக்கையில் அவர் பெயர். மிச்சம் இருந்தது லோங்காங் ஒன்றுதான்.

உடனே போன் வந்தது.

"ஷாந்தினி, 'அமரர் மருதமுத்து நினைவாக, உபயம் பரமேஸ்வரன்'னு வெட்டிடும்மா. அப்பா பேரும் வரணும்."

தகடு இவளுடையது, உழைப்பு இவளுடையது. உபயம் மட்டும் அவர்.

"அங்கிள், அது எல்லாரும் கால் வைக்கிற இடம்..."

"எனக்குத் தெரியாதா? நீ டிசைனைப் பாரு லா. கோயிலை நான் பாத்துக்கறேன்."

டிசைனை அனுப்பினாள். மறுபடியும் போன்.

"எழுத்துக்குள்ள ஏம்மா குறுக்கால கோடு விட்டிருக்க?"

"அது பாலம் அங்கிள். 'வ', 'ன' எல்லாத்துலயும் சுழி இருக்குல்ல? பாலம் விடாம சுத்தி வெட்டினா நடுத்துண்டு கழண்டு கீழ விழுந்துரும். கால் மாட்டற அளவுக்கு ஓட்டையாயிடும்."

"அசிங்கமா இருக்கு. எடுத்துடு."

"அதை மட்டும் எடுக்க மாட்டேன் அங்கிள். வேணும்னா எழுத்தை இன்னும் பெருசாக்கறேன். இந்த ஓரத்துலேர்ந்து அந்த ஓரம் வரைக்கும்."

தலைவரின் கோபம் போன இடம் தெரியவில்லை.

"ஓரத்துக்கு ஓரமா? அப்படிச் சொல்லு! செய்யி, செய்யி."

அவள் போனை வைத்ததும் திலீபன் பாய்ந்தான்.

"அந்தாளு வேலாயி அக்காவ மைக்குல அசிங்கப்படுத்தினான். அவனுக்குப் போயி ஜால்ரா தட்டறியே!"

"எழுத்துதான் பெருசு. வெட்டற கோடு ஒல்லி. விரல் நுழையாது, யாரும் விழ மாட்டாங்க. எனக்கு அது போதும்," என்றாள் ஷாந்தினி.

சனிக்கிழமை வெட்டி, பிசிறு தேய்த்து, அடியில் கம்பி வைத்து வெல்டிங் அடித்துப் பொருத்தினார்கள். தலைவர் மூடிக்கு மாலை போட்டு, பக்கத்தில் நின்று பன்னிரண்டு போட்டோ எடுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை. உறுமி மேளம் முழங்க, வெறுங்காலோடு நாற்பது பால்குடங்கள் வந்தன. முன்னால் வேலாயி அக்கா. மூடிக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். ஊர்வலமே நின்றது.

"போங்கம்மா, போங்க! அபிஷேகத்துக்கு நேரமாச்சு!" தலைவர் ஓடி வந்தார்.

"எப்படிப் போறது தலைவரே? உங்கப்பா பேரு இருக்கே. செத்த மனுஷன் பேரை மிதிச்சுட்டு விரதக்காரி சாமிகிட்ட போகலாமா?"

"ஐயோ, பாவம் லா!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். இன்னும் பத்துக் குரல்கள் "ஆமா, ஆமா" என்றன.

"ஓரமா கால் வெச்சுப் போங்க!"

"ஓரமே இல்லீங்களே. ஓரம் வரைக்கும் உங்க பேருதான் இருக்கு."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து ஐயர் மணியை அடித்து அவசரப்படுத்தினார். திலீபன் திரும்பிப் பெண்டாட்டியைத் தேடினான். அவள் பக்கத்தில் இல்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு தலைவரிடம் போய்க்கொண்டிருந்தாள், கையில் மைக்கோடு.

"நீங்களே சொல்லிடுங்க அங்கிள். அப்பத்தான் எல்லாரும் கேப்பாங்க."

தலைவருக்கு வேர்த்து ஊற்றியது. மைக்கை வாங்கினார். இரண்டு தடவை தொண்டையைச் செருமினார்.

"பக்த கோடிகளே... தயவுசெஞ்சு... எல்லாரும் என் பேரையும் எங்கப்பா பேரையும் மிதிச்சுட்டு உள்ள வாங்க."

தலையில் குடம் ஆடாமல் வேலாயி அக்கா நின்ற இடத்திலேயே நின்றார்.

"இன்னும் சத்தமாச் சொல்லுங்க தலைவரே. போன வருஷம் சொன்னது தெரு முழுக்கக் கேட்டுச்சு."