எண்பதுக்கும் சரி

"அறுபது எனக்கு, நாற்பது உனக்கு" என்றேன்.

"சரி" என்றான் ஃபின்டன்.

என் கத்தரிக்கோல் அவன் காதருகே அப்படியே நின்றுவிட்டது.

அயர்லாந்தின் இந்தக் கால்வே ஊரில் எந்தப் போக்கர் சீட்டாட்டக்காரனும் இந்தப் பங்குக்குச் சம்மதிக்க மாட்டான். ஒருவன் பணம் போட, இன்னொருவன் ஆடினால், ஜெயித்ததில் போட்ட பணத்தை முதலில் எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பாதிக்குப் பாதி பிரிப்பதுதான் வழக்கம். தோற்றால் பணம் போட்டவன் தலையில் துண்டைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஆடுகிறவனிடம் போய் நாற்பது என்று சொன்னால், பாதி முடி வெட்டியிருந்தாலும் எழுந்து போய்விடுவான்.

ஃபின்டன் கண்ணாடியில் தன் மூக்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

சனிக்கிழமை கடற்கரை ஹோட்டலில் போட்டி. நுழையவே ஆயிரம் யூரோ. தபால் வண்டி ஓட்டுகிறவனிடம் அவ்வளவு ஏது? பதினோரு வருடங்களுக்கு முன்னால் இதே போட்டியில் கோப்பையோடு வெளியே வந்தவன். அடுத்த வருடமே வீட்டுக் கூரையை மாற்ற வைத்திருந்த பணத்தைச் சீட்டில் விட்டான். இன்றைக்கும் மழை பெய்தால் அவன் வீட்டு மாடியில் இரண்டு வாளி வைக்கிறார்கள். இந்த ஊரில் மழை என்றைக்குப் பெய்யவில்லை?

இந்தப் போட்டியும் இல்லையென்றால் சீட்டையே தொடமாட்டேன் என்று போன மாதம் இதே நாற்காலியில் சொன்னான். அப்போது அவன் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஆயிரம் யூரோ என் மேலங்கிப் பையில், கவருக்குள் இருந்தது. அதைக் கொடுப்பதா வேண்டாமா என்பதற்கு ஒரே ஒரு சோதனைதான். பங்குக்காக அவன் சண்டை போட வேண்டும். திருப்பித் தர நினைக்கிறவன் பேரம் பேசுவான். எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறவன் தரப்போவதில்லை. மறுபேச்சில்லாமல் சம்மதித்தால் கவர் வெளியே வரக் கூடாது. அப்படித்தான் முடிவாகியிருந்தது.

மற்ற நிபந்தனைகளை ஓர் அட்டையில் எழுதி முதலிலேயே கொடுத்திருந்தேன். போட்டியிலிருந்து வெளியேறியதும் வேறு மேசையில் போய் உட்காரக் கூடாது. ஆட்டம் முடியும்வரை பீர் கூடாது. முதல் இடைவேளையில் பிரஷர் மாத்திரை. ஒவ்வொரு இடைவேளையிலும் எனக்கு ஒரு போன். போர்த்தியிருந்த துணிக்கு அடியிலிருந்து கையை நீட்டி, மூக்குக்கு நேராகப் பிடித்து, இரண்டு தடவை படித்தான். அதற்கும் சண்டை போடவில்லை.

நான் என் பங்கை ஏற்றிப் பார்த்தேன்.

"யோசிச்சுப் பாத்தேன். எழுபது எனக்கு."

"சரி."

"எண்பது!"

"சரிடா மாலக்கி. காதை விட்டுட்டு வெட்டு."

முப்பது வருடமாக என்னிடம் முடி வெட்டிக்கொள்கிறான். ஒரு தடவையாவது கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்ததில்லை. அப்படிப்பட்டவன் எண்பதுக்குச் சரி என்றால், என்னையே ஏமாற்றும் அளவுக்கு வந்துவிட்டான் என்றுதானே அர்த்தம்? கோபம் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம் முட்டிக்கொண்டு வந்தது.

"பைத்தியமாடா உனக்கு? கொஞ்சமாவது சண்டை போடேன். பாதி கேளுடா!"

ஃபின்டன் கண்ணாடி வழியாக என்னை நிதானமாகப் பார்த்தான்.

"எதுக்குடா? எண்பதும் எங்க வீட்டுக்குத்தான் போவுது, இருபதும் எங்க வீட்டுக்குத்தான் போவுது."

என் கை தானாகப் பையைப் பொத்திக்கொண்டது.

"நான் மாத்திரை போடறது இந்த ஊர்ல ரெண்டே பேருக்குத்தான் தெரியும்" என்றான். "ஒருத்தர் டாக்டர்."

இன்னொருத்தி அவன் மனைவி நோரீன். பேக்கரியில் விடியுமுன் போய் மாவு பிசைந்து சேர்த்த பணம் அது. திங்கட்கிழமை அந்தக் கவரை என்னிடம் கொடுத்து, அவன் பேரம் பேசாவிட்டால் அப்படியே திருப்பிக் கொண்டுவந்துவிடு என்றாள். உன் பணம் என்றே அவன் நினைக்க வேண்டும் என்றும் கண்டிப்பாகச் சொன்னாள். நிபந்தனைகளை அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மாத்திரை காட்டிக்கொடுத்துவிடும் என்று இருவருமே யோசிக்கவில்லை.

"இப்ப என்னடா பண்றது?" என்றேன்.

"எனக்கு ஒரே ஒரு நிபந்தனைதான். எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லாத." மூக்கில் ஒட்டிய முடியை ஊதிவிட்டுக்கொண்டான். "பத்து வருஷமா என் மூஞ்சிக்கு நேரா அவ என்னை நம்பல. முதுகுக்குப் பின்னாலயாவது நம்பிட்டுப் போகட்டும்."

கவரை எடுத்து, துணிக்கு அடியில் அவன் கையில் வைத்தேன். அவன் எண்ணிப் பார்க்கவில்லை. பின்கழுத்தை மழித்து, முடியைத் தட்டிவிட்டேன். வழக்கம்போல் கூலியில் இரண்டு யூரோ குறைத்துக் கொடுத்துவிட்டு மழையில் இறங்கிப் போனான்.

கதவு மூடியதும் என் போனில் செய்தி வந்தது. நோரீன்தான்.

"சண்டை போட்டானா?"

நான் சீட்டையே தொடாதவன். ஆனாலும் கைதேர்ந்த ஆட்டக்காரன் மாதிரி ஒரு பொய்யை அடித்து அனுப்பினேன்.

"விடவே இல்ல. கடைசில பாதிக்குப் பாதிதான் ஒத்துக்கிட்டான்."

உடனே பதில் வந்தது.

"பாதியா? நல்லா ஏமாந்த போ. அவன்கிட்ட யாராவது பேரம் பேசி ஜெயிக்க முடியுமா?"