எர்மெலிந்தாவின் விளைச்சல்

"ஐயோ, எல்லாம் போச்சே!" என்று விவசாயி எர்மெலிந்தா அலறியது கேட்டு, சந்தாந்தேர் மாகாணத்துக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருந்த வேளாண் அதிகாரி ஃபாபியன் ஜீப்பிலிருந்து குதித்தார். அவளுடைய மரவள்ளித் தோட்டத்தில் பாதிச் செடிகள் மொட்டையாக நின்றன. சில இலைகளில் புழுக்கள் மேய்ந்தன. மீதியை எறும்புகள் வெட்டி, வரிசையாகப் புற்றுக்குத் தூக்கிச் சென்றன.

"கவலைப்படாதீங்கம்மா. மூணே நாள்ல ஒரு எறும்பு இருக்காது!"

மருந்து டப்பாவோடு புற்றை நெருங்கியவரை எர்மெலிந்தா ஓடிவந்து மறித்தாள்.

"எம் பொழப்புல மண்ணப் போடாதீங்க சார்!"

"உங்களுக்கு மரவள்ளி வேணுமா, எறும்பு வேணுமா?"

"எறும்புதான் சார்! வருஷா வருஷம் நான் வறுத்துச் சந்தையில விக்கிறதே அதத்தான். மரவள்ளி அதுக்குத் தீவனம். அந்தத் தீவனத்தத் திங்குற புழுவக் கொல்லத்தான் உங்களக் கூப்பிட்டேன்!"