அக்காவுக்குக் கடல் காட்டணும்

“அண்ணி வரக் கூடாது. அவ்ளோதான்!”

வசந்தா சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். கூடத்தில் உட்கார்ந்திருந்த கண்ணாயிரமும் ஜானகிராமனும் அவள் புருஷன் காசிநாதனைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

காசிநாதனுக்குச் செங்கல்பட்டில் நெல் மண்டி. கோடை லீவுக்கு சிநேகிதர்கள் மூவரும் குடும்பத்தோடு மகாபலிபுரம் போவதாகத் திட்டம். ஊரைத் தள்ளி, கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் பாறை மேல் ஒரு பங்களா. மூன்று பக்கமும் அலை. வாடகை உட்பட எல்லாம் பேசி முடித்தாயிற்று.

அப்போதுதான் காசிநாதனின் தயாள குணம் பீறிட்டுக்கொண்டு வந்தது.

“எங்க அக்கா வேண்டாவையும் இட்டுகினு போறேன். புருஷன் போனதுலேர்ந்து என் வூட்டோடயே கீது. இத்தனை கிட்டத்துல இருந்தும் கடலைக் கண்ணால பாத்ததில்ல, பாவம்!”

“கூடப் பொறந்தவ மேல இன்னா பாசம் அண்ணாத்த!” என்று ஜானகிராமன் உருகினார்.

அந்த நேரம் பார்த்துத்தான் வசந்தா குறுக்கே விழுந்தாள்.

“நாத்தனாரு சந்தோஷமா இருந்தா எந்தப் பொம்பளைக்குத்தான் பொறுக்கும்?” என்றார் கண்ணாயிரம்.

காசிநாதன் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்ணில் ஒன்றும் இல்லை. இருந்தாலும் துடைத்தார்.

“அவ கெடக்கறா. நான் அக்காகிட்டயே கேக்கறேன். அக்கா, இப்படி வா!”

வேண்டா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள்.

“யாருக்கும் பயப்படாம சொல்லு. கடலைப் பாக்கணும்னு உனக்கு ஆசையா இல்லியா?”

“பாத்துட்டேனே தம்பி!”

“இன்னா சொல்ற? எப்போ?”

“போன வெள்ளிக்கிழமை. நீ மண்டிக்குப் போனதும் வசந்தா என்னை பஸ் ஏத்தி இட்டுகினு போச்சு. பொழுது சாயற வரைக்கும் அலையிலயே நின்னேன். இடுப்பு வரைக்கும் நனைஞ்சி, ஒரே சிரிப்பு! ‘இங்கயாவது சும்மா உக்காருங்க அண்ணி’ன்னு சொல்லி வேர்க்கடலை வாங்கிக் குடுத்துச்சு.”

சொல்லும்போதே வேண்டாவுக்கு மறுபடி சிரிப்பு வந்தது. கண்ணாயிரம் தலையைக் குனிந்துகொண்டார்.

அக்கா மேல் அத்தனை பாசம் வைத்த தம்பிக்கு முகம் மலர்ந்திருக்க வேண்டும். காசிநாதனோ பதறிப்போய் எழுந்தார்.

“அப்போ லீவு பூரா மூணு குடும்பத்துக்கும் அங்க யாரு ஆக்கிப் போடறது?”