குச்சியில் கட்டிய துணி

வீராயி இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறாள். சுரங்கத்திலிருந்து இறைத்துவிடும் தண்ணீர் தேங்கிய ஏரியில் ஆகாயத்தாமரை பிடுங்குவது அவளுடைய கான்ட்ராக்ட் வேலை. கரையில், டவுன்ஷிப்பிலிருந்து பறவை பார்க்க வந்த பத்துப் பதினைந்து பேர் மூச்சடக்கி நிற்கிறார்கள். எல்லாக் கேமராவும் ஒரே பக்கம் திரும்பியிருக்கிறது. அங்கே மிதக்கும் தழைமேல் நாலு முட்டையை அணைத்தபடி இலைக்கோழி உட்கார்ந்திருக்கிறது. தூரத்து அனல்மின் நிலையப் புகைபோக்கிகளுக்கு நடுவே வந்த வெயில் அதன் நீள வாலில் வழுக்குகிறது. பக்கத்தில் ஒரு குச்சி, அதன் நுனியில் கிழிந்த பச்சை ரவிக்கைத்துணி. வீராயி கட்டியது. துணியைப் பார்த்தால் அடுத்த ஷிப்டு ஆட்கள் அந்த இடத்தில் கைவைக்க மாட்டார்கள்.

“அம்மா, அந்தத் துணிய எடுத்துடுங்க, படத்தையே கெடுக்குது” என்கிறார் கரையில் கேமராவோடு நிற்கும் தொப்பிக்காரர் ஒருவர். “எடுத்தா மத்தியானம் வர்றவங்க தழையோட முட்டையையும் வாரிக் கரையில கொட்டிடுவாங்க சார்” என்கிறாள் வீராயி. “நாங்க பறவைமேல இருக்கற பாசத்துலதாம்மா வந்திருக்கோம்.” சூப்பர்வைசர் வளவன் கரையிலிருந்து வீராயியைப் பார்த்துக் கத்துகிறான்: “டவுன்ஷிப் ஆளுங்க, நாளைக்கும் வந்து படம் புடிப்பாங்க. புடுங்கிப் போடு. வேலையில இருக்கணுமா வேணாமா?”

வீராயிக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆறு நாளாக இந்தக் கூட்டைச் சுற்றிச் சுற்றி அட்டைக்கடியோடு தழை பிடுங்குகிறவள் அவள். தண்ணீர் அலம்பாமல் குச்சியை நோக்கி நடக்கிறாள். கரையில் கேமராக்கள் உயர்கின்றன. அவள் தலையில் சுற்றியிருந்த சிவப்புத் துண்டை அவிழ்த்து, பச்சைத் துணிக்கு மேலேயே இறுக்கி முடிச்சுப் போடுகிறாள்.

“இப்ப எடுங்க படம்.”

கையெட்டும் தூரத்தில் கோழி எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கிறது.