கையெடுத்த பிறகும்
மண்சரிவு எச்சரிக்கை வந்ததும் தேயிலைத் தோட்டத்து மேல் லயத்துச் சனமெல்லாம் பாயும் மூட்டையுமாக நமுனுகுல மலைச்சரிவின் மாதா கோயிலுக்குள் அடைந்து கிடக்கிறது. பிற்பகல்தான், ஆனால் மழை சன்னல் கண்ணாடிகளைச் சாம்பல் நிறமாக்கிவிட்டது. வெள்ளைத் துரைமார் காலத்துப் பியானோவின் முன்னே சவரிமுத்து உட்கார்ந்திருக்கிறார். கொழும்பு ஹோட்டல்களிலும் பிறகு கப்பல்களிலுமாக முப்பது வருடம் ஜாஸ் வாசித்தவர். அழுகிற பிள்ளைகளை அமர்த்தத்தான் அக்கா மரியகொரட்டி அவரை வாசிக்கச் சொன்னாள். இடது கை நிதானமாக நடக்க, வலது கை தாளத்தை நழுவவிட்டு நழுவவிட்டுப் பிடிக்கிறது. பிள்ளைகள் சிரிக்கிறார்கள். கடைசிக் கட்டையை அழுத்திவிட்டுக் கையை எடுக்கிறார். ஓசை தேய்ந்து அடங்கும்வரை பெடலிலிருந்து காலை எடுக்காமலிருப்பது அவருடைய பழக்கம். ஓசை அடங்குகிறது. பிறகு, யாரும் தொடாமலே, ஆகத் தடித்த கம்பி ஒன்று உள்ளே முனகத் தொடங்குகிறது. பெடலை மிதித்திருக்கும்வரை கம்பிகள் வெளி அதிர்வுக்கும் அதிரும்; கப்பலின் எஞ்சின் கிளம்பும்போதெல்லாம் பியானோ இப்படித்தான் முனகும். இங்கே எஞ்சின் இல்லை. பீடத்துச் சுவருக்குப் பின்னால் மலை மட்டும்தான் இருக்கிறது. முனகல் கனக்கிறது. மெழுகுதிரிச் சுடர்கள் ஒருசேர நடுங்குகின்றன. மடியில் ஒரு பிள்ளையைக் கிடத்தி, கண்ணை மூடி, மரியகொரட்டி மெல்ல ஆடிக்கொண்டிருக்கிறாள். “இது நல்லாருக்குடா தம்பி, நிப்பாட்டிடாத.” அவர் இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்குகிறார். “அக்கா, கண்ணத் தொறந்து என் கையப் பாரு. நான் வாசிக்கல.”