பொங்காத எரிமலை

எரிமலை ஓர் ஏப்பம் விட்டது. அவ்வளவுதான்.

காகிதத்தைக் கூழாக்கி, சிறுமி ஆசை ஆசையாய்ச் செய்த மலை. உள்ளே சமையல் சோடா இருக்கிறது. மேலே சிவப்புச் சாயம் கலந்த வினிகரை ஊற்றினால் நுரை பொங்கி வழிய வேண்டும். காலையில் வகுப்பில் எல்லார் முன்னாலும் செய்து காட்ட வேண்டும். இதுவோ நாலு குமிழி விட்டுவிட்டுப் படுத்துக்கொண்டது.

“எல்லாரும் சிரிப்பாங்க. நான் ஸ்கூலுக்கே போகமாட்டேன்” என்று காலை உதைத்தாள்.

சோடா போதவில்லை என்றார் அப்பா. அள்ளிப் போட்டார்கள். பொங்கவில்லை, களியாகக் குழைந்தது. வினிகரைச் சூடாக்கிப் பார்க்கலாம் என்றான் சித்தப்பா. இன்னும் ரெண்டு குமிழி வந்தது.

“மலைக்கு வயசாயிடுச்சு போல” என்றான். அழுகை கூடியதுதான் மிச்சம்.

சித்தி, அந்த வீட்டுக்குப் புதிதாய் வந்த சின்ன மருமகள், ஒரு எலுமிச்சம்பழத்தை நறுக்கி, ஒரு ஸ்பூன் சோடாவின் மேல் பிழிந்தாள். புஸ்ஸென்று சீறியது.

அப்போ சோடாவில் குறை இல்லை. சித்தப்பா வினிகர் பாட்டிலைத் திறந்து முகர்ந்தான். நெடி மூக்கில் ஏறவே இல்லை.

“இதுல வினிகர் வந்து குளிச்சிட்டுப் போயிருக்கு.”

சொல்லி வைத்தாற்போல எல்லார் பார்வையும் சிறுமியின் அம்மா பக்கம் திரும்பியது. பெரிய மருமகள். ஷாம்பு தீர்ந்தாலும் பாட்டிலில் தண்ணீர் விட்டுக் குலுக்கி இன்னும் ஒரு வாரம் ஓட்டுகிறவள். பாத்திரம் தேய்க்கிற சோப்பை அவள் நீட்டுகிற நீட்டுக்கு நுரைக்கே வெட்கம் வரும்.

“அண்ணி, விட்டா கடலுக்கே தண்ணி ஊத்தி நீட்டுவீங்க” என்றான் கொழுந்தன்.

சின்னவள் தலையைக் குனிந்துகொண்டு பழக்கூடையைத் துழாவினாள்.

பெரியவள் இடுப்பில் கை வைத்தாள். “ஆமா, நான்தான் ஊத்துனேன். இப்ப என்னங்கிற?”

பெற்ற பிள்ளையின் மானத்திலுமா மிச்சம் பிடிப்பாய் என்று புருஷன் கேட்டார். மகள் இன்னும் ஒரு படி மேலே போய், “உன்கூடப் பேசவே மாட்டேன்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பெரியவளின் முகம் ஒரு நொடி வாடியது. உடனே சமாளித்துக்கொண்டாள். “பேசாட்டிப் போ. பழம் பிழியறதுக்கு வாய் எதுக்கு, கை போதும்.”

வீடே உட்கார்ந்து பிழிந்தது. சித்தப்பா விதையை எடுக்காமல் பிழிந்து திட்டு வாங்கினான். சாற்றில் சாயம் கலந்து சிறுமி ஊற்றினாள்.

மலை செக்கச்செவேலென்று பொங்கியது. தட்டை நிறைத்து, மேஜையில் வழிந்து, அப்பாவின் வெள்ளைச் சட்டையிலும் தெறித்தது. அவரே கைதட்டினார். பேசமாட்டேன் என்றவள், “அம்மா, பார்த்தியா, பார்த்தியா” என்று அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினாள்.

கூட்டம் கலைந்தது. தரையைத் துடைத்துக்கொண்டிருந்த பெரியவளிடம் சின்னவள் தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

“அக்கா… அதுல தண்ணி ஊத்துனது நீங்க இல்ல.”

“தெரியும். கெட்டில்ல உப்புக்கறை போக வினிகர் ஊத்திக் கழுவறப்போ பாட்டில் உன் கை நழுவிக் கொட்டினதையும் பார்த்தேன். நீ பயந்துபோய்க் குழாயில பிடிச்சு நிரப்புனதையும் பார்த்தேன்.”

சின்னவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. “அப்புறம் ஏன்க்கா…?”

பெரியவள் துணியைப் பிழிந்து உதறினாள்.

“எனக்குத்தான் ஏற்கெனவே அந்தப் பேர் இருக்கே. புதுசா வந்தவ, உனக்கும் எதுக்குடி அது?”