பிளக் போடாத ஆம்ப்ளிஃபயர்

நிரஞ்சனா சனிக்கிழமை வகுப்பில் வால்வு ஆம்ப்ளிஃபயர் கட்டக் கற்றுக்கொண்டிருந்தாள். முதல் நாளே மாஸ்டர் இரண்டு விஷயம் சொல்லிவிட்டார். பிளக்கைக் கழற்றினாலும் கெபாசிட்டருக்குள் மின்சாரம் தங்கியிருக்கும். அதை வடித்துவிட்டுத்தான் தொட வேண்டும். தொடும்போதும் ஒரு கை பாக்கெட்டில் இருக்க வேண்டும். இரண்டு கையாலும் தொட்டால் மின்சாரம் நெஞ்சு வழியாகத்தான் போகும்.

செங்காங் அடுக்குமாடி வீட்டில், உள் வயர்கள் மேலே தெரியும்படி மேசைமேல் கவிழ்த்து வைத்த ஆம்ப்ளிஃபயரை அவள் ஒழுங்காக வடித்தாள். அதில் மாட்டியிருந்த வோல்ட் மீட்டரின் முள் பூஜ்யத்துக்கு வந்தது. அன்று சாப்பாடு ஆறிவிட்டதென்று புருஷன் திலீப் அவளை அறைந்தான். முள் நூறுக்கு ஏறியது. பிளக் தரையில்தான் கிடந்தது.

மறுபடி வடித்தாள். அடுத்த முறை அவன் முடியைப் பிடித்து அவள் தலையைக் கதவில் மோதினான். முள் முந்நூறைத் தொட்டது.

"தானா ஏறாது லா, வயரிங் செக் பண்ணுங்க" என்றார் மாஸ்டர், அடுத்த வகுப்பில் அவள் கேட்டபோது. வயரிங் சரியாகவே இருந்தது. அதற்குப் பிறகு அவள் வடிப்பதை விட்டுவிட்டாள்.

இன்று திலீப் உதைத்த உதையில் அவள் மேசைக்காலில் போய் விழுந்தாள். மேலே முள் கடைசிக் கோட்டில் இடித்துக்கொண்டு நின்றது.

"எப்பப் பாரு இந்தக் குப்பை! கீழ தூக்கிப் போடுறேன். ஆஃப்லதானே இருக்கு?"

வாயில் ஊறிய ரத்தத்தை விழுங்கிக்கொண்டு, "பிளக்கே போடலைங்க" என்றாள்.

பொய் இல்லை. திலீப் இரண்டு கையையும் நீட்டினான். நிரஞ்சனா இடது கையை நைட்டிப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டாள்.